வலைஞர் வீட்டு விருந்து

நதிக்கரை மீனவர் கிராமமொன்றில் இரண்டொரு தினங்கள் தங்கி வருவது நகரவாசிகளிடையே ஒரு மோகமாகப் பரவி வருகின்றது. புராதன நகரமொன்றைக் காணச் செல்வோர், அந்நகரத்து ஓட்டல்களில் அறையெடுத்துக் கிடப்பதைவிட, சிறிது தொலைவிலுள்ள ஒரு வலைஞர் குடியில் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்களுடைய தோணியில் ஏறி, பொழுது புலருமுன் வலை இழுப்பதைக் கண்டு திரும்புவதைச் சிலாக்கியமென்று கருதத் தொடங்கியிருக்கின்றனர். கொச்சி நகரத்துக்கு அடுத்த கும்பளங்கி இவ்விஷயத்தில் பெயர் பெற்றுவிட்டது. மதுரையைக் காண வருவோர் ஆயிரக்கணக்கில் நம் கம்பம் பள்ளத்தாக்கு வழியே தேக்கடிக்கு ஏறிச் செல்கின்றனரே, அவர்களை வைகைக் கரையிலேயே நிறுத்தி உபசரித்தால் நம் ஜனங்களுக்குப் பிழைப்பாகாதா என்று கேட்போர் இங்கும் இருக்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. உல்லாசப் பிரயாணம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் தேசபக்தர் கூட்டத்தில் நாம் சேர்ந்தவரல்லர். ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரின் அடுப்பங்கரையை அறிந்துகொள்ளுதல் நூறு சொற்பொழிவுகளைவிட அதிகமாக ஐக்கியத்தை வளர்க்கும் என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் விருந்தினரை வீட்டுக்குள் அழைக்குமுன் வீடு யாருடையது என்பது தீர்மானமாக வேண்டும். மீனவன் விஷயத்தில் வீடென்பது நான்கு சுவர்கள் மட்டுமன்று. அவன் வலை வீசும் நீரும் அவனுக்கு வீடே. அந்த நீரில் அவனுக்கு என்ன பாத்தியம் உண்டு என்பதை விட்டுவிட்டு, அவன் திண்ணையில் எத்தனை கட்டில் போடலாம் என்று கணக்கிடுவது தலைகீழான காரியம்.

மதுரைக்குப் புறத்தே எளிய குடிகளின் வீட்டில் விருந்தினர் தங்குவது நமக்குப் புதிய வழக்கமன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் நகருக்குள் விடுதி தேடவில்லை. கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்னும் ஆய்ச்சியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். அவள் தன் சேரியிலே செம்மண் பூசிய சிறு மனையொன்றை அவர்களுக்கென ஒதுக்கி, காய்கறியும் அரிசியும் கொணர்ந்து கொடுத்து, தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். அதற்கு அவள் கூலி கேட்டதாக இளங்கோ கூறவில்லை. ஆனால் தன்னிடம் வந்த அடைக்கலம் கெட்டுவிட்டது என்றறிந்தபோது அந்த ஆய்ச்சி தீயிற் புகுந்து உயிர் துறந்தாள் என்று காவியம் பின்னொரு காதையிலே தெரிவிக்கிறது. விருந்து என்பதைத் தமிழன் எவ்வளவு பெரிய பொறுப்பாகக் கொண்டிருந்தான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அந்தக் கண்ணகியே பின்னர் வைகையின் கரையைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்து மலையேறினாள். சித்திரைப் பௌர்ணமிதோறும் பளியன்குடி வழியாகவும் குமுளி வழியாகவும் மங்கலதேவிக் கோட்டத்துக்கு ஜனங்கள் ஏறிச் செல்வது அந்த நினைவினாலேயே. ஆகவே மதுரைப் புறஞ்சேரியின் கதைக்கு முடிவிடம் நமது பள்ளத்தாக்கு.

கவுந்தி ஆயர் வீட்டைத் தேர்ந்ததற்குச் சமணத் துறவியாகிய அவருக்குத் தக்க காரணம் இருந்தது. உயிர்க்கொலை இல்லாத தொழில் என்று அதனைச் சிறப்பிக்கிறார். வலைஞர் வீட்டை அவர் நாடியிருக்கமாட்டார் என்று வாசகர் சிலர் குறிப்பிடலாம். உண்மைதான். ஆனால் அதே மதுரையின் தெய்வத்துக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. அம்மை பரதவர் குலத்திலே மகளாக வளர, ஐயன் வலைஞனாக வந்து சுறாவை வளைத்துப் பிடித்து அவளை மணந்தான் என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் ஒரு படலமே பாடுகிறது. பாண்டியன் கொடியில் மீன், நகரத்து அம்மையின் பெயரில் மீன். மீன் பிடிக்கிறவன் மட்டும் ஊருக்குப் புறத்தே என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இனி கும்பளங்கிக்கு வருவோம். அது காயல் சூழ்ந்த தீவுக் கிராமம். சீன வலை, நண்டு வளர்ப்பு, கயிறு திரிப்பு, மழைக்காலத்திலே பொக்காளி நெல்லும் மற்றைக் காலத்திலே இறாலுமாக ஒரே வயலில் மாறி மாறி எடுக்கும் விவசாயம், இவையே அவ்வூர் ஜீவனம். 2003ஆம் ஆண்டிலே கேரள சர்க்கார் அதனை மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக எடுத்துக்கொண்டபோது, அங்கே மாளிகை ஒன்றும் எழுப்பப்படவில்லை. இருந்த வீடுகளிலேயே இரண்டு அறைகளைத் துப்புரவு செய்து விருந்தினருக்கு விட்டனர். தோணி அவர்களுடையது, வலை அவர்களுடையது, காயலும் கண்ணுக்கெட்டியவரை அவர்கள் புழங்கும் காயல். 2019ஆம் ஆண்டில் வந்த ஒரு மலையாளத் திரைப்படம் அவ்வூர்ப் பெயரைத் தேசமெங்கும் பரப்பிவிட்டது. அதற்குப் பிறகு கும்பளங்கி எங்கேயிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. இதிலே கவனிக்க வேண்டிய விஷயம், விருந்தினர் ஒருவரும் வராத மாதத்திலும் அவ்வூரார் மீனும் நெல்லும் இறாலும் கொண்டு வயிறு வளர்க்கக் கூடியவர்கள் என்பதே. 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோய்க்கு அஞ்சி உலகமே கதவடைத்துக்கொண்டபோது, பிரயாணிகளையே நம்பியிருந்த மலைவாசஸ்தலங்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். வலையை விட்டுவிட்டுத் தட்டு ஏந்தும் தொழிலுக்குப் போனவனுக்கு அப்பொழுது இரண்டும் இல்லை.

குமரகத்திலே வேறொரு பரீட்சை நடந்தது. வேம்பநாட்டு ஏரிக்கரையைப் பெரும் ஓட்டல்கள் வளைத்துக்கொண்டபின், ஊரார் வெறும் பார்வையாளராக நின்றனர். 2008 முதல் குடும்பஸ்ரீ ஸ்தாபனத்துப் பெண்கள் விளைவிக்கும் காய்கறிகளையும் பிற பொருள்களையும் ஓட்டல்காரர் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்குப் புகழும் கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் முன்னது உடையவனாக இருந்து உபசரிப்பது. பின்னது உடைமை போனபின் உபகாரம் பெறுவது. நம்மவர் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளலாகாது.

துங்கபத்திரைக் கரையிலுள்ள ஹம்பியில் நிகழ்ந்தது மூன்றாவது பாடம். விஜயநகரத்தின் இடிபாடுகளைக் காண வருவோர் பரிசலேறி எதிர்க்கரையிலுள்ள விரூபாபுர கட்டேயில் தங்கும் வழக்கம் ஏற்பட்டு, பயிர் நிலங்களிலே விடுதிகள் முளைத்தன. புராதனச் சின்னங்களைக் காப்பதற்கான சட்டத்தின்படி அவ்விடுதிகள் விதிமீறியவையெனச் சுப்ரீம் கோர்ட்டு 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளிக்க, அவை இடித்துத் தள்ளப்பட்டன. சட்டம் சரியே. ஆனால் முதல் விடுதி எழும்பியபோதே தடுத்திருந்தால், பிற்பாடு அங்கே கூலி வேலை செய்து பிழைத்த குடும்பங்கள் தெருவில் நின்றிரா. வைகைக் கரையில் ஒரு கல்லை நாட்டுமுன் இதனை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

நமது பள்ளத்தாக்கிற்கு வருவோம். இங்கே ஆற்றையும் ஏரியையும் நம்பி வலை வீசுவோர் இரு சாரார். மேலே பெரியாற்று ஏரியில் மன்னான் குடியினர். கீழே வைகை அணையில் வலை வீசிப் பிழைப்போர்.

மன்னான்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவரென்று சொல்லிக்கொள்வர். இடுக்கி ஜில்லாவில் கோவில்மலையிலே அவர்களுக்கு இன்றும் ராஜா உண்டு. உட்காட்டில் வாழ்ந்த அவர்களிற் சிலர் குமுளியின் ஓரத்துக்குக் குடியேற்றப்பட்டு, மன்னாக்குடி என்று வழங்கும் இடத்தில் வாழ்ந்து, ஏரியில் மீன் பிடித்து விற்று வருகின்றனர். அந்த ஏரியோ மனிதர் கையால் உண்டானது. 1895ஆம் ஆண்டில் பென்னிக்விக் துரையின் அணை முடிந்து, மேற்கே ஓடிய பெரியாறு சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது; அந்நீரே முல்லையாறாக கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் பாய்ந்து, தேனிக்கருகே வைகையோடு கலந்து, மதுரை மாவட்டத்து நிலங்களைச் செழிப்பிக்கின்றது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சையும் அதன் கருணையே. இவையெல்லாம் நேயர்களுக்குத் தெரிந்த விஷயங்கள். அணையின் உயரம் 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்பதைப் பற்றி நம்மிலே பேசாதவரில்லை. 2014ஆம் ஆண்டு மே 7ந் தேதித் தீர்ப்பைக் குழந்தைகளும் அறியும்.

ஆனால் மீனைப் பற்றி எத்தனை பேர் அறிவார்? 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ந் தேதி திருவாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் எழுதப்பட்ட 999 வருஷக் குத்தகைப் பத்திரத்திலே, சுமார் 8,000 ஏக்கரை நீரால் மூடவும், அணை கட்டவும், நீரைக் கொண்டுபோகவும் அளிக்கப்பட்ட உரிமைகளோடு, அந்நீரில் மீன் பிடிக்கும் உரிமையும் குத்தகைதாரரைச் சேர்ந்ததென எழுதப்பட்டது. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை. 1970ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டு சர்க்காரும் கேரள சர்க்காரும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டபோது, வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது. மின்சாரம் எடுக்க நமக்கு இசைவு கிடைத்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்கு விட்டுக் கொடுக்கப்பட்டது. வயலையும் விளக்கையும் நினைத்த கனவான்களுக்கு மீன் அற்பமாகத் தோன்றியிருக்கலாம். அந்தப் பேரம் லாபமா நஷ்டமா என்று இப்பொழுது கிளறுவது நமது நோக்கமன்று. நாம் சொல்ல வருவது வேறு. 1886லும் சரி, 1970லும் சரி, கையெழுத்திட்டவர் ஆள்வோரே. ஏரியில் வலை வீசுகிறவன் அவ்விரு பத்திரங்களிலும் கட்சிக்காரனாக இல்லை. ஒரு சர்க்காரின் பெட்டியிலிருந்து மற்றொரு சர்க்காரின் பெட்டிக்கு மீன் மாறிற்று. வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. பத்திரத்தில் பெயரில்லாதவனுக்கு வழக்கில் இடமில்லை என்பதே நமது கோர்ட்டுகளின் வழக்கம்.

இந்த வழக்கத்தை மாற்றிய சட்டமும் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் ஆதிகுடிகளுக்குத் தனிமனிதனின் நிலவுரிமையோடு, நீர்நிலைகளின் மீன் முதலிய பொருள்களின்மேல் சமூக உரிமையும் உண்டென்று மூன்றாம் பிரிவிலேயே தெளிவாகக் கூறுகிறது. சர்க்கார் தயவால் அளிக்கும் சலுகையன்று; முன்னமே இருந்த பாத்தியத்தை ஒப்புக்கொள்ளுதல் என்பதே அச்சட்டத்தின் கருத்து. தேக்கடியில் மற்றொரு நல்ல காரியமும் நடந்தது. 1996ஆம் ஆண்டில் தொடங்கிய சூழல் அபிவிருத்தித் திட்டத்தின் பயனாக, காட்டு இலவங்கத்தின் பட்டையை உரித்து வழக்குகளில் மாட்டிக்கொண்டிருந்தோர் கமிட்டியாகச் சேர்ந்து வழிகாட்டிகளாகவும் காவலராகவும் ஆயினர். மன்னான்களும் பளியர்களும் பிரயாணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்கின்றனர். மூங்கில் தெப்பத்தில் அழைத்துச் செல்கின்றனர். வருமானம் தரகர் கையில் போகாமல் கமிட்டியின் கணக்கில் சேர்கிறது. மதிக்கத்தக்க முன்மாதிரி.

எனினும் ஏரியின் மீன் மாறிவிட்டது. பெரியாற்றைத் தவிர உலகில் வேறெங்குமில்லாத மீனினம் அங்கே உண்டு. அதனோடு வெளிநாட்டுக் கெண்டையும் ஜிலேபியும் குடியேறிப் போட்டியிடுகின்றன. ஜிலேபி 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான மீன் கிடைக்குமென்ற நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தனர். இன்று அது இல்லாத கண்மாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். விருந்தினருக்கு நாட்டு மீன் வேண்டும். வலையில் விழுவதோ ஜிலேபி.

கீழே வைகை அணையின் கதை இன்னும் நமக்கு நெருங்கியது. அதற்குப் பொறுப்பாளி வேறெந்த ராஜ்யமுமல்ல, நாமே. 1959ஆம் ஆண்டில், காமராஜர் முதன்மந்திரியாயிருந்தபோது திறக்கப்பட்ட அணை. 71 அடி வரை நீர் தேங்கும். ஆண்டிப்பட்டியிலிருந்து சிறு தூரம். மதுரையிலிருந்து ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிக்குச் சென்ற ரயில் பாதை, அகலப்பாதையாக மாற்றும் பொருட்டுப் பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்து, 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் மறுபடி திறந்தது. ஆகையால் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் கீழடி அகழ்வையும் பார்த்த ஒருவன், ரயிலேறி வைகை அணைக்கு வந்து தங்குவது சிரமமான காரியமன்று. அணையின் கீழே பூங்காவைப் பார்த்துவிட்டுப் பொரித்த மீனைத் தின்று பஸ் ஏறிவிடுகிறவர்கள் இப்பொழுதும் நூற்றுக்கணக்கில் வருகின்றனர். அவர்களில் பத்திலொருவர் அக்கரையிலே வலைக்காரர் வீட்டில் இராத்தங்கினாலும் போதும்.

ஆனால் நமது ஜில்லாக்களில் நீர்நிலைகளின் மீன் எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது? அணைகளில் பங்கு முறையும் உண்டு. குத்தகை முறையும் உண்டு. கண்மாய்களில் மீன்பாசி ஏலம். பங்கு முறையிலே பிடித்த மீனில் ஒரு பகுதி பிடித்தவனுக்கு. குத்தகை முறையிலே பணமுள்ளவன் ஏலத்தில் எடுத்து, வலைக்காரனைக் கூலியாளாக வைத்துக்கொள்கிறான், அல்லது வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவருகிறான். தலைமுறையாக அந்தத் தண்ணீரில் நின்றவன், எந்த மூலையில் விரால் ஒதுங்கும், எந்தக் காற்றுக்குக் கட்லா மேலே வரும் என்றறிந்தவன், அன்று முதல் திருடனாகிவிடுகிறான். குத்தகை எடுத்தவனோ வருஷம் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுக்கவேண்டிய அவசரத்தில் சிறு கண்ணி வலையால் குஞ்சையும் வாரிவிடுகிறான். இது அவனுடைய துர்க்குணத்தால் மட்டும் நேர்வதன்று. ஒரு வருஷத்துக்கு மட்டும் உடையவனாயிருப்பவன் மறுவருஷத்தை நினைக்கக் காரணம் எது? ஆதலால் எந்த நீர்நிலையின் கரையில் விருந்தினரைத் தங்கவைக்க எண்ணுகிறோமோ, அந்நீர்நிலையின் மீன்பிடி உரிமை அக்கரையில் வாழும் வலைக்காரர் கூட்டுறவுச் சங்கத்திடம் நீண்ட காலத்துக்கு இருக்கவேண்டும் என்பதை நாம் முதல் ஷரத்தாகக் கூறுகிறோம். அஃது இல்லாதவிடத்தில் மீனவர் வீட்டு விருந்து என்பது, குத்தகைதாரன் மீனை விலைக்கு வாங்கி, குத்தகைதாரன் கூலியாளின் வீட்டில் வைத்துப் பரிமாறும் நாடகமாகவே முடியும்.

நமது பக்கத்துக் கிராமங்களில் மற்றொரு வழக்கத்தையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். கோடையில் கண்மாய் வற்றும் சமயம் மீன்பிடித் திருவிழா நடைபெறும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசியதும், சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து வந்த ஜனங்கள் அனைவரும் ஊத்தாவும் கச்சாவும் தூரியுமாகச் சேற்றில் இறங்குவர். இன்னார் இறங்கலாம், இன்னார் கூடாது என்பதில்லை. பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டிலே குழம்பு வைத்து, வந்த உறவினரோடு உண்பர். அன்று அந்த ஊரில் எவன் வீட்டிலும் விருந்தாளி இல்லாமல் இல்லை. ஏலம் விட்டால் கிடைக்கும் பணத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு இதனை நடத்தும் ஊர்கள் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை ஜில்லாக்களில் இன்றும் இருக்கின்றன. பொருளாதார சாஸ்திரிகள் சிரிக்கலாம்.

இனி ஆட்சேபங்கள். பட்டணத்தான் வந்து ஏழையின் குடிசையை வேடிக்கை பார்ப்பது அவமானமல்லவா என்பர். அவன் அழையாமல் வந்தால் அவமானமே. வீட்டுக்காரன் அழைத்து, தான் குறித்த விலைக்கு, தான் குறித்த நேரத்தில் ஏற்றுக்கொண்டால் அதில் அவமானத்துக்கு இடமில்லை. வேண்டாதபோது வேண்டாமென்று கதவைச் சாத்தவும் அவனுக்கு உரிமை இருக்கவேண்டும். சுயராஜ்யம் என்று நாம் சொல்லி வந்தது இதுதானே! படம் பிடிக்கும் விஷயத்திலும் அப்படியே. உறங்கும் குழந்தையையும் குளிக்கும் பெண்ணையும் கேளாமற் படம் பிடித்து உலகெங்கும் அனுப்பும் வழக்கத்தை எந்த விருந்தினன் கையாண்டாலும், அவனை அந்தக்ஷணமே மூட்டையைக் கட்டச் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒருவர் வாயிலும் வெளிப்படாமல் மனத்திலேயே கிடக்கிறது. அதைப் பச்சையாகவே எழுதிவிடுகிறோம். வலைஞர் வீட்டில் உண்பதா? வெள்ளைக்காரப் பிரயாணி உண்பான். வடநாட்டு வியாபாரியின் பிள்ளையும் உண்பான். மதுரையிலும் தேனியிலும் கம்பத்திலும் உள்ள மேல்ஜாதிக் கனவான் உண்பானா? 1939ஆம் ஆண்டு ஜூலை 8ந் தேதி, மதுரை வக்கீல் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டோராக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அன்று நகரம் கொதித்தது. இன்று அதனை நினைத்து நாம் பெருமைப்படுகிறோம். கோயிற் கதவு திறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம்முடைய வீட்டுச் சமையலறைக் கதவும், அவனுடைய வீட்டுச் சமையலறைக்குள் நாம் நுழையும் மனமும் எந்த அளவு திறந்திருக்கின்றன என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அயிரை மீன் குழம்பென்றால் மதுரை ஓட்டல்களில் கேட்ட விலை கொடுத்து வாங்கி உண்பவர், அதே அயிரையை ஆற்று மணலிலிருந்து அரித்தெடுத்தவன் வீட்டில் உண்ண மட்டும் தயங்குவதற்குப் பெயர் ஆசாரமாம்! மரக்கறி உண்போரை மீன் உண்ணச் சொல்லவில்லை. அந்த வீட்டில் வரகரிசிச் சோறும் கீரையும் வைப்பார்கள், அதை உண்ணலாம். விலக்கு உணவிலா, வீட்டிலா என்பது அப்பொழுது விளங்கிப்போகும்.

அயிரையைப் பற்றிச் சொன்னதால் மற்றொன்றும் சொல்ல வேண்டும். அது ஓடும் நீரில், மணற்பாங்கான அடியில் வளரும் மீன். மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டு, ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விட்டுவிட்டு, விருந்தினரை நதிக்கரைக்கு வா என்றழைப்பது பரிகாசம். தேனியிலிருந்து மதுரை வரை வைகையில் விழும் கழிவுநீரைக் கண்டு மூக்கைப் பொத்தாதவர் யார்?

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை பல. அவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் இங்கே குறிக்கிறோம். விருந்தினருக்குச் சமைப்பவள் பெண். வாசல் தெளித்து, பாய் விரித்து, பாத்திரம் துலக்குபவளும் அவளே. பணமோ ஆண்பிள்ளையின் மடியில் ஏறி, சாராயக் கடைக்கு வழி தேடுகிறது. ஆகையால் அறை வாடகையும் சாப்பாட்டுப் பணமும் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கில் நேரே சேரும்படி ஏற்பாடு செய்யவேண்டும். ஒகேனக்கலில் பிரயாணிகள் வாங்கிவரும் மீனை ஆற்றங்கரையிலேயே சமைத்துக் கொடுத்துக் கூலி பெறும் பெண்கள் யாருடைய தயவுமின்றி நெடுங்காலமாக அத்தொழிலை நடத்தி வருகின்றனர். வழி தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

மற்றொன்று உயிர்ப் பாதுகாப்பு. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ந் தேதி தேக்கடி ஏரியில், கேரள சர்க்காரின் சுற்றுலா ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஜலகன்யகா என்னும் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். காட்டெருமையையும் யானையையும் காணும் ஆசையில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு என்ன செய்யும்? வலைக்காரனுக்குத் தன் பரிசல் எத்தனை பேரைத் தாங்கும் என்பது தெரியும். பத்து ரூபாய் அதிகம் கிடைக்குமென்று ஒருவரை அதிகமாக ஏற்றும் நாள் வரக்கூடாது. மிதவைச் சட்டையில்லாமல் ஒருவரையும் நீரில் இறக்கலாகாது. மாதரி அடைக்கலத்துக்குப் பொறுப்பேற்றாள் என்றோமே, இக்காலத்தில் அந்தப் பொறுப்பின் உருவம் இதுவே.

இக்காரியத்தைச் சர்க்கார் தொடங்கட்டும் என்று காத்திருப்பது வீண். சர்க்கார் தொடங்கினால் முதலில் ஒரு வளைவு கட்டி, அதில் மந்திரியின் பெயரைப் பொறிப்பார்கள். வைகை அணையைச் சுற்றியுள்ள கிராமங்களின் தொண்டர்கள், அங்கே வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை, அவர்களில் சங்கத்தில் சேர்ந்தவர் எத்தனை, சேராதவர் ஏன் சேரவில்லை என்பதை வீடுவீடாகச் சென்று எழுதிக்கொள்ளட்டும். கிராம சபை ஆகஸ்டு 15லும் அக்டோபர் 2லும் கூடுகிறது. வழக்கமாக நாலு பேர் கையெழுத்திட்டுக் கலையும் அந்தச் சபையில், மீன்பிடி உரிமையை உள்ளூர் வலைக்காரர் சங்கத்துக்கே அளிக்க வேண்டுமென்ற தீர்மானம் முதலிலும், விருந்தினர் வீடுகளைப் பற்றிய தீர்மானம் அதன்பிறகும் வரட்டும். வரிசையை மாற்றவேண்டாம். கம்பம், உத்தமபாளையம் பக்கத்து வக்கீல் நண்பர்கள் மனு எழுதிக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். வாங்குகிறவர்கள் இருந்தால் அந்த மனுக்களை நமது காரியாலயத்துக்கு அனுப்பிவைக்கலாம், நாமே எழுதித் தருவோம். நிறைவேறும் தீர்மானங்களின் நகல்களும் வந்து சேர்ந்தால் இப்பத்தியிலேயே வெளியிடப்படும்.